யானைக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

ஆர்வம் இல்லையாம்.

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் லீடர் போட்ட செய்தியை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு வரிசையாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒன்பதாம் வகுப்பில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதிய அதே லீடர், ரிட்டையர் ஆன பிறகும் நமக்கு லீடர்தான். நம் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு விழா எடுக்கிறோம், பெண் பிள்ளைகளை இன்ஜினியரிங், டெக்னாலஜி பக்கம் போகச் சொல்லி ஊக்கம் கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார். நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம் காலத்தில் பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இருந்ததில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காவது அதை நாம் ஊட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

கூடவே விழா ஏற்பாடு. பிளஸ் டூ பையன்கள் மைக்கையும் புரொஜெக்டரையும் பார்த்துக்கொள்வார்களாம். பெண் பிள்ளைகள் பட்டுப் பாவாடை கட்டி வாசலில் நின்று சந்தனம், கல்கண்டு கொடுத்துப் பன்னீர் தெளிப்பார்களாம். நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் பதில் தட்டி மாளாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். இத்தனை வருஷம் நான் பொறுமையாக இருந்தேன் அல்லவா?

மலைக்குப் போகிற வழியில், பொய்கைக்கு இந்தப் பக்கம், நைனா என்று நான் கூப்பிட்ட என் அப்பா வைத்திருந்த மைக் செட் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் குழாய் ஸ்பீக்கர்களை ஒன்றின் வாயில் ஒன்றைச் செருகி அடுக்கியிருப்பார். உள்ளே போனால் வார்னிஷ் வாசனை, சூடான வயர் வாசனை, எலிப்புழுக்கை வாசனை எல்லாம் கலந்து அடிக்கும். சீரியல் பல்புகளைச் சாயத்தில் முக்கிக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பது என் வேலை. அந்தச் சாயம் விரலிலிருந்து லேசில் போகாது. கணக்கு டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு நகப்பூச்சோடு வருகிறாயா என்று ஸ்கேலால் அடித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். அது நகப்பூச்சுதானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயம் முக்குவதில் தொடங்கி, செத்த பல்பைத் தேடிப் பிடிப்பது, ஃபியூஸ் போடுவது, ஹோல்டர் மாட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நைனாவுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வசதியில்லை, என் விரல் சின்னதாக இருந்தது, இடுக்கில் எல்லாம் போகும். அவ்வளவுதான் விஷயம். வேலை நடக்கிற வரைக்கும் அந்தக் கை பெண் பிள்ளையின் கை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நைனா, அம்மா, நான், நைனாவின் அக்காவான அத்தை, அத்தையின் மகன். அத்தை புருஷனை இழந்து பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர். அந்தப் பிள்ளை எனக்குப் பாவா, கட்டிக்கொள்கிற முறை. என்னைவிட மூன்று வயசு பெரியவர், நல்ல மனுஷன். ஆனால் பிளக்கைச் செருகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். ஏணியில் இரண்டு படி ஏறினால் கால் நடுங்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்கடைக்காரர்கள் மலை அடிவாரத்தில் ஒரு பந்தல் போட்டார்கள். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் கொடுப்பதற்காக. பந்தல் முகப்பில் எந்த ஊரிலும் பார்க்காத ஓடுகிற விளக்கு ஒன்று வேண்டும் என்று நைனாவிடம் கேட்டார்கள். நைனா மயில் என்றார். மயிலை வேலூரிலும் பார்க்கலாம், காஞ்சிபுரத்திலும் பார்க்கலாம். நான்தான் யானை என்றேன்.

"யானையா, இன்னாத்துக்கு யானை?" என்றார் நைனா.

"நம்ம மலைல சாமிக்கு முன்னாடி யானைதான நிக்குது. அது தும்பிக்கைய தூக்கித் தூக்கி எறக்குற மாதிரி பண்ணலாம் நைனா."

அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்தவரே பிறகு திருப்பி வாங்கிக்கொண்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஓடுகிற விளக்கு எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்போது எல்லாம் விரல் நகம் அளவு சில்லு பார்த்துக்கொள்கிறது. அப்போது ஒரு மர உருளை. அதன் மேல் செம்புத் தகடுகளை வெட்டி ஆணி அடித்திருக்கும். பக்கத்தில் வரிசையாகப் பித்தளை நாக்குகள் அந்த உருளையைத் தொட்டபடி நிற்கும். ஒரு சின்ன மோட்டார் உருளையைச் சுற்றும். தகடு வந்து நாக்கைத் தொட்டால் அந்த வரிசை பல்பு எரியும், மரம் வந்தால் அணையும். எந்தத் தகடு எங்கே, எவ்வளவு நீளம் என்பதில்தான் யானையின் உயிர் இருந்தது.

எனக்கு அது விளங்கியது அம்மையார்குப்பத்தில். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே தறி நெய்தார். தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் எழும், இல்லாத இடத்தில் எழாது. அப்படி எழுந்து எழுந்துதான் புடவைக் கரையில் அன்னம் வரும். லீவுக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் ஏரிக்கு ஓடுவார்கள், நான் அந்த அட்டைக்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பேன். ஓட்டைக்குப் பதிலாகத் தகடு, நூலுக்குப் பதிலாக விளக்கு. ஒருநாள் மத்தியானம் அது சட்டென்று பிடிபட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆர்வம் இல்லையாம்.

யானைக்கான உருளையும் அங்கிருந்தே வந்தது. நெய்த துணியைச் சுருட்டுகிற படமரம் ஒன்று உடைந்து கிடந்தது. மாமா அதை என் அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். மோட்டார் கொடுத்தது கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற மெக்கானிக் பாய், ஏதோ பழைய மேஜை ஃபேனிலிருந்து கழற்றியது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்கு ஓடுவேன். தும்பிக்கைக்கு இரண்டு வரிசை பல்பு, ஒன்று மேலே தூக்கினபடி, ஒன்று கீழே தொங்கினபடி. முதலில் ஒன்று அணைந்து மற்றது எரிவதற்குள் யானை தும்பிக்கையே இல்லாமல் நின்றது. பாவா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு தகட்டின் நுனி அடுத்த தகட்டின் தொடக்கத்தோடு கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி நீட்டி அடித்தேன். அதன் பிறகு தும்பிக்கை வழுக்கிக்கொண்டு மேலே போனது. காது விசிறியது. வால் ஆடியது.

பாய் வந்து பார்த்தார். குனிந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நைனாவிடம், "அண்ணே, இந்தப் பொண்ண அடுப்புகிட்ட உக்கார வெச்சீங்கன்னா உங்களுக்குப் பாவம் பிடிக்கும். அரக்கோணத்துல வயர்மேன் படிப்பு கீது, எட்டாவது பாஸ் பண்ணாப் போதும். பொண்ணுங்களுக்கும் சீட்டு தராங்களாம். கேட்டுப் பாருங்க" என்றார்.

நைனா யானையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆங். கிருத்திகைல இது மட்டும் நல்லா ஓடிடுச்சின்னா, மறுவாரமே ரயில்ல இட்டுகினு போயி சேத்துட்டு வரேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ராத்திரி பகல் உழைத்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அது உழைப்பாகவே தெரியவில்லை. ஆனால் அரக்கோணம் என்ற பெயர் அதற்கப்புறம் வேறு மாதிரி கேட்டது. ஸ்டேஷனில் ரயில் வரும் அறிவிப்பைக் கேட்டால் கூடச் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன்.

கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், உருளையை வீட்டுக்கு எடுத்து வந்து பின்கட்டுக் கொட்டகையில் அதற்குக் கடைசித் தகட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். நான் வாங்க எழுந்தேன். அம்மா என் பாவாடையின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, இங்க வாங்க" என்று அவள் அத்தையைக் கூப்பிட்ட குரலில் எனக்கு ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது போலிருந்தது. சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, சுத்தியல் என்ன செய்தது?

மாமா அம்மையார்குப்பத்திலிருந்து வந்து பின்கட்டில் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். தாய்மாமன் கட்ட வேண்டும், அதுதான் முறை. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். எந்த ஆம்பிளையும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது, நைனா உள்பட. காற்று கறுப்பு அண்டாமல் இருக்கக் கையில் எப்போதும் ஒரு இரும்பு இருக்க வேண்டும் என்றார் அத்தை.

"அப்படின்னா என் ஸ்க்ரூ டிரைவரைக் குடு அத்த. அதுவும் இரும்புதான" என்றேன். நான் கிண்டலாகக் கேட்கவில்லை. அது பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

"வாய மூடு. இனிமே அதெல்லாம் நீ தொடக் கூடாது" என்று சொல்லி, முனை உடைந்த அரிவாள் ஒன்றைப் பக்கத்தில் போட்டார்.

இரும்பைக் கொடுப்பார்களாம், ஆனால் அது ஒன்றுக்கும் உதவாத இரும்பாக இருக்க வேண்டுமாம். அரிவாளுக்குப் பயப்படுகிற பேய் ஸ்க்ரூ டிரைவருக்குப் பயப்படாதா?

கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் ஓலை இடுக்கு வழியாக நான் பார்த்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இதை உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

அத்தை ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு கொட்டகைக்கு வந்தார். அதில் கோமியமும் கலந்திருந்தது, வாசனை எனக்கு வந்தது. கையில் வேப்பிலைக் கொத்து. வீட்டில் நான் தொட்ட பாத்திரம், உட்கார்ந்த பலகை எல்லாவற்றுக்கும் தெளித்து முடித்துவிட்டுக் கடைசியாக யானையிடம் வந்திருந்தார். நான் வயசுக்கு வந்த நேரத்தில் என் மடியில் இருந்தது அந்த உருளை. சாமிக்குப் போகிற சாமான். தீட்டோடு போகலாமா? உருளையும் மோட்டாரும் பொருத்திய பெட்டியைத் திறந்து உருளை மேல் வேப்பிலையால் தெளித்தார். தெளித்தது போதவில்லை போலிருக்கிறது, செம்பைச் சாய்த்து மிச்சத்தை ஊற்றியே விட்டார்.

"அத்த, அது மேல தண்ணி ஊத்தாத. அது கரண்ட் ஓடுறது" என்று கத்தினேன்.

"வயசுக்கு வந்த பொண்ணு இப்படித்தான் தெருவுக்குக் கேக்குற மாதிரி கத்துவாளா?" என்றார் அத்தை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, வெயில்லயாவது வெச்சிக் காய வை. மரம் தண்ணிய உறிஞ்சிக்கும் அத்த."

அவர் மறுபடி தீட்டுப் படக் கூடாது என்று ஒரு மஞ்சள் துணியால் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நனைந்த மரத்தை மூடிக் கட்டியாயிற்று. கும்பிட்டுவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டையாவது போடலாம்.

அம்மா சோறு கொண்டு வந்தபோது அழுதுகொண்டே சொன்னேன். நைனாவிடம் சொல்லி பெட்டியைத் திறந்து காயவைக்கச் சொல்லு, ஒருநாள் வெயில் போதும் என்றேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அத்தைக்குத் தெரியாதா? சுத்தம் பண்ணது தப்புன்னு நான் போயி சொல்ல முடியுமா? நீ பேசாம சாப்புடு" என்றாள். அவள் அந்த வீட்டில் நாத்தனாருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் நைனாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்க வந்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். "நைனா" என்று கூப்பிட்டேன். செருப்புச் சத்தம் நின்றது. "நைனா, உருளை ஈரம். சுவிட்சு போடாதீங்க. தொறந்து பாருங்க."

பெட்டியைத் தூக்குகிற சத்தம்தான் கேட்டது. பார்க்கக் கூடாது என்றுதானே முறை, கேட்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்? செருப்புச் சத்தம் நகர்ந்தது. நான் அரிவாளை எடுத்து என் சோற்றுத் தட்டில் ஓங்கி ஓங்கி அடித்தேன். தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று அடித்தேன். பெண்கள் ஓடி வந்தார்கள். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று சொல்லி, என் நெற்றியில் திருநீறு அப்பி, மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தை அவர்கள் காதில் ஏறவில்லை. அதற்குள் பெட்டி வண்டியேறிவிட்டது.

சாயங்காலம் மலைப் பக்கமிருந்து அரோகரா சத்தம் அலையலையாக வந்துகொண்டிருந்தது. சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் தெலுங்கில் பாடிக்கொண்டே தெரு வழியாகப் போனார்கள். பூக்காவடி வாசனை ஓலைக்குள் எல்லாம் வந்தது. விளக்குப் போடுகிற நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியை வேண்டினேன், ஒருவேளை காய்ந்திருக்கும், ஒருவேளை நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேன் என்று.

நடந்ததைப் பிறகு பாவா சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டவர் அவர்தான். மேல் தும்பிக்கை, கீழ் தும்பிக்கை, காது, வால் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்ததாம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அடுத்த நிமிஷம் பெட்டியிலிருந்து புகை. மஞ்சள் துணி பற்றிக்கொண்டது. ஃபியூஸ் போய்ப் பந்தல் மொத்தமும் இருட்டு. மோர்ப் பானை கவிழ்ந்தது. யாருக்கும் அடி படவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

சாமி காரியத்தில் நெருப்பு என்றால் சும்மா விடுவார்களா? ஏன் என்று கேட்டார்கள். பந்தலில் நின்று அத்தைதான் பதில் சொன்னாராம். "நான் எவ்ளோ சுத்தம் பண்ணேன், தீட்டு போவலியே. அந்த நேரத்துல அவ மடிலதான் இருந்திச்சி அது. பொண்ணு கை பட்டத சாமி ஏத்துக்கல." நைனா பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்த அன்று வாசலில் சீரியல் பல்பு எரிந்தது. ஓடாத விளக்கு, சும்மா எரிகிற விளக்கு. மாமா சீர்த்தட்டு வைத்தார். மேளம், பந்தி, மாலை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. எல்லாரும் என்னைப் பார்த்து அழகாக இருக்கிறேன் என்றார்கள். சமையல்கட்டில் இரண்டு பெண்கள், யானையை எரித்தவள் இவள்தானே என்று பேசியது என் காதில் விழுந்தது.

சந்தடி அடங்கிய மறுநாள் கொட்டகைக்குப் போனேன். உருளை ஒரு மூலையில் கிடந்தது. பாதி கரி. கரியாகாத பாதியில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மரம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் தண்ணீர் ஓடிய தடம் அப்படியே தெரிந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அதைத் தூக்கிக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். "பாருங்க நைனா. தண்ணிதான். நான் அடிச்ச ஆணி ஒண்ணுகூட விடல பாருங்க."

நைனா உருளையைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்கே பாய் தொறந்து காட்டிட்டாரு. நீ கொட்டாயில சொன்னதும் கேட்டுச்சு. பொண்ணு பயந்துகினு பேசுதுன்னு நெனச்சிட்டேன்."

"அப்ப அத்த சொன்னப்ப ஏன் பேசாம நின்னீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். "அக்கா புருஷன் இல்லாதவ. நாலு பேரு முன்னாடி அவளாலதான் எரிஞ்சிச்சின்னு சொன்னா, அப்புறம் எப்படித் தலைதூக்கி நடப்பா? நீ சின்னப் பொண்ணு. உன் மேல விழுந்தா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

நான் அரக்கோணம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"யானை ஓடுனாதானம்மா சொன்னேன்" என்றார் நைனா.

அவர் கெட்டவரில்லை. சாகிற வரைக்கும் என் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் உண்மை தெரிந்த ஒரு மனுஷன் வாயை மூடினால் என்ன ஆகும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். நான் தப்புச் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் வந்து கணக்குப் பேசினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என் காது சூடாகிறது.

அதற்கு அடுத்த வாரம் ரயிலில் அரக்கோணத்துக்கு ஒரு ஆள் போனது உண்மை. பாவா போனார். கடையில் ஒருத்தருக்காவது முறையான படிப்பு இருக்கட்டும் என்று முடிவு செய்தார்களாம். பிளக்கைச் செருகக் கண்ணை மூடுகிற பாவாவை, ஏணியில் கால் நடுங்குகிற பாவாவை, வயர்மேன் படிப்பில் சேர்த்தார்கள். அவர் பாவம், அத்தையிடம் வேண்டாம் என்று அழுதே பார்த்தார். ஆம்பிளைப் பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிடும் என்றார்கள். அவருக்குப் பயம் தெளியும் என்று நம்ப முடிந்தவர்களுக்கு, எனக்கு வேலை தெரியும் என்று மட்டும் நம்ப முடியவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தினார்கள். மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியானது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லீடர் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிடுவதை விட்டிருப்பார். ஆர்வம் இல்லாமல் நின்றுவிட்டாள் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். இப்போதல்லவா தெரிகிறது.

உருளை பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. செம்புக்காக எடுத்தான், மரத்தை எங்கள் வாசலிலேயே உடைத்துப் போட்டான். வெந்நீர் அடுப்பில் அதை வைத்தபோது மஞ்சள் வாசனை வந்தது.

பாவாவைத்தான் கட்டிக்கொண்டேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தார். பயம் தெளியவே இல்லை. ஒவ்வொரு கம்பமும் ஏறுவதற்கு முன்னால் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினார், இறங்கி வந்து இரண்டு நாள் முழங்கால் வலி என்பார். வீட்டில் ஃபியூஸ் போனால் நான்தான் போடுவேன், அவர் டார்ச் பிடிப்பார். நான் ஜாக்கெட் தைத்துக் குடும்பம் நடத்தினேன். என் தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்துக்கொண்டது நான், அதைப் பிரித்துப் பூட்டுவது நான். அவர் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் அந்தச் செம்புத் தண்ணீர் நனைத்தது. ஆம்பிளைகளுக்கு இதில் நஷ்டமில்லை என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் முழங்காலைப் பாருங்கள்.

அத்தை மாமியாராகி எங்களோடு கடைசிவரை இருந்தார். ஒவ்வொரு ஆடிக்கும் வருகிற சொந்தக்காரர்களிடம் யானை எரிந்த கதையைச் சொல்லுவார். நான் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன். அவர் அறை ஃபேன் நின்றால் மட்டும், "கொஞ்சம் பாரு கண்ணு, உன் கை பட்டாதான் ஓடும்" என்பார். அதே கை. எனக்குச் சிரிப்பும் வரும், தட்டை எடுத்து அரிவாளால் அடிக்க வேண்டும் போலவும் வரும். ஃபேனைச் சரி செய்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இப்போது உங்கள் விழாவுக்கு வருகிறேன். ஆர்வத்தை ஊட்டப் போகிறீர்களா? அது என்ன, சங்கில் வைத்துப் புகட்டுகிற மருந்தா? நம் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நில்லுங்கள். செயின் கழன்ற சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கையெல்லாம் மசியாக ஒரு பெண் பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கும். போன வாரம் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வாத்தியார், "ஏம்மா, யாரையாவது பையனைக் கூப்பிட வேண்டியதுதானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அத்தை மாதிரி. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் புதிதாக எதையும் ஊட்ட வேண்டாம். இருக்கிறதன் மேல் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள், போதும். ஊற்றுகிறவரைப் பார்த்தால், பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடாதீர்கள்.

எழுதினதைப் பாவாவிடம் படித்துக் காட்டினேன். வெகு நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சுவிட்சப் போட்டப்ப நீ இருந்திருக்கணும் அங்க" என்றார். நான் பேனாவை எடுத்து மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன்.

விழாவுக்கு வருகிறேன், லீடரே. குத்துவிளக்கை வேறு யாராவது ஏற்றட்டும். அந்த மைக்கையும் புரொஜெக்டரையும் வயரையும் பெண் பிள்ளைகளிடம் கொடுங்கள், மேடைக்குப் பின்னால் நான் அவர்களோடு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வாசலில் சந்தனமும் கல்கண்டும் பையன்கள் கொடுக்கட்டும், நன்றாகவே கொடுப்பார்கள். பன்னீர்ச் செம்பும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: அந்தச் செம்போடு எங்கள் பக்கம் வரக் கூடாது.